ஆசிரியரை அளக்கும் கோல்



ஆண்டுதோறும் மே மாதத்தில் பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவந்த சில நாட்களில், பல்லாவரம் முதல் தாம்பரம் வரை ஜி. எஸ். டி. சாலையின் இருமருங்கிலும் பள்ளிகளின் விளம்பரப் பலகைகள் எழுந்து நிற்பதைக் காண்கிறோம். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று அவை பறைசாற்றுகின்றன. முதன்மை பெற்ற மாணாக்கரின் படங்கள் அவற்றில் வரிசையாக இருக்கும். பள்ளித் தாளாளரின் படம் சற்றுப் பெரிதாகவே இருக்கும். பாடம் சொன்ன ஆசிரியரின் படத்தை மட்டும் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆயினும் அந்த நூறு என்ற எண்ணின் சுமை ஆசிரியர் தோளில்தான் ஏறி அமர்கிறது. ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர் அறையில் அவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வி, உம்முடைய பாடத்தில் தவறியவர் எத்தனை பேர் என்பதே.

மாணாக்கர் கற்றதைக் கொண்டு ஆசிரியரை மதிப்பிடலாமா? மதிப்பிடலாம் என்றால், எதைக் கற்றதைக் கொண்டு, எந்நாளில், யார் மதிப்பிடுவது? இதுவே இன்று நாம் எண்ணிப் பார்க்கப் போகும் பொருள். ஆசிரியரைப் பற்றிய ஒரு வழக்கினை மாணாக்கரிடம் ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் வினவலாம். அளக்கப்படுபவர் ஆசிரியர், ஆனால் அளவு எடுக்கப்படுவதோ உங்கள் மேனியில். அளவு பிழைத்தால் சட்டை பொருந்தாமற் போவது உங்களுக்குத்தான்.

நம் மொழியில் ஆசிரியரை மதிப்பிட முயன்ற பழைய நூல்களுள் ஒன்று நன்னூல். பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர், இலக்கணம் தொடங்குமுன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் எவர், ஆசிரியர் ஆகாதவர் எவர் என்று வரையறுத்துவிட்டே உள்ளே நுழைகிறார். நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை கூறிய அவர், ஆகாத ஆசிரியருக்குக் கூறும் உவமைகள் மிகச் சுவையானவை. கழற்சிக்காய் இட்ட குடம் ஒன்று. இட்ட முறையில் காய் வெளிவராது, கைக்கு வந்தது முதலில் வரும். முள்மடல் சூழ்ந்த பனை ஒன்று. யாரும் ஏறிப் பறிக்க இயலாது, தானே விழுந்தால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பஞ்சு திணித்த குண்டிகை ஒன்று. சிறிது சிறிதாகப் பிடுங்கினாலன்றி வெளிவராது. இறுதியாக வளைந்த தென்னை. நீர் வார்த்தவன் ஒருவன். காய் விழுவதோ வேலிக்கு அப்பால் உள்ள வேறொருவன் மனையில்.

இந்த உவமைகள் எல்லாம் ஆசிரியரின் இயல்பையும் அவர் சொல்லும் முறையையும் நோக்கியவை. கேட்ட மாணாக்கன் என்ன பெற்றான் என்பதைக் கொண்டு ஆசிரியருக்கு மதிப்பெண் இடும் வழக்கம் நன்னூலில் இல்லை. மாணாக்கரையும் பவணந்தியார் தனியே தரம் பிரித்தார். அன்னமும் பசுவும் முதல் தரம்; மண்ணும் கிளியும் இடைத்தரம்; ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் கடைத்தரம். ஓட்டைக் குடத்தில் நீர் நில்லாவிட்டால் அது வார்த்தவர் குற்றம் என்று அவர் கூறவில்லை. குடம் ஏன் ஓட்டையாயிற்று என்றும் அவர் கேட்கவில்லை என்பதையும் நாம் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வரவேண்டும் என்று எண்ணிய காலம் அன்று அது.

மாணாக்கரின் தேர்ச்சியைக் காசாக்கி ஆசிரியருக்கும் பள்ளிக்கும் அளக்கும் முறை, பிற்காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. 1862-இல் அந்நாட்டில் இராபர்ட் லோ என்பவர் திருத்திய கல்வி விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால் 4 ஷில்லிங். ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வாளர் வந்து நடத்தும் தேர்வில் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் தேறினால் மேலும் 8 ஷில்லிங். ஒன்றில் தவறினால் அந்த எட்டில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். குழந்தையின் ஒவ்வொரு திறனுக்கும் விலைச்சீட்டு கட்டியாயிற்று. கணக்கு மிகத் தெளிவானது; பொதுப்பணம் வீணாகாது என்று நாடாளுமன்றத்தில் பலர் மகிழ்ந்தனர்.

நடந்தது என்ன? கவிஞராகவும் பள்ளி ஆய்வாளராகவும் விளங்கிய மாத்யூ ஆர்னால்டு, தம் அறிக்கைகளில் இம்முறையைத் தொடர்ந்து கண்டித்தார். பள்ளிகள் இயந்திரங்களாகி விட்டன என்பது அவர் குறை. வாசிப்புத் தேர்வுக்கு உரிய புத்தகத்தைப் பிள்ளைகள் முதலிலிருந்து முடிவுவரை மனப்பாடம் செய்துகொண்டு வந்தனர். புத்தகம் கையில் இருக்கும். கண் அதன்மேல் இருக்கும். வாய் சரளமாக ஒப்பிக்கும். அதே பிள்ளையிடம் வேறொரு புத்தகத்தை நீட்டினால் திகைத்து நிற்கும். தேர்வில் தேறிற்று, வாசிக்கக் கற்கவில்லை. வரலாறும் நிலநூலும் கதையும் பாட்டும் காசு தராதவை ஆதலால் வகுப்பறையை விட்டு மெல்ல வெளியேறின. 1890-களில்தான் அந்நாடு இம்முறையைப் படிப்படியாகக் கைவிட்டது.

இந்த முறை நம் சென்னை மாகாணத்துக்கும் 1860-களிலேயே வந்துவிட்டது. ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்கும் சம்பள மானியம் ஒருபுறம் இருக்க, பலனுக்கேற்ற மானியம் என்ற புதுமுறை தொடக்கப் பள்ளிகளில் பரவிற்று. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் பலவும் இதன் வழியாகவே அரசாங்கத்தின் கணக்கேட்டில் இடம்பெற்றன. இதில் ஒரு நன்மை இருந்ததை மறுத்தல் ஆகாது. ஊரார் தரும் நெல்லையும் பண்டிகைக் காசையும் நம்பியிருந்த திண்ணை உபாத்தியாயருக்கு, எந்தப் பட்டமும் சான்றிதழும் கேட்காமல், பிள்ளைகள் கற்றிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டு அரசாங்கம் பணம் தந்தது. ஏழை உபாத்தியாயருக்கு அது ஒரு வாசல். ஆனால் அவருடைய ஆண்டு வருவாயின் ஒரு பகுதி, ஆய்வாளர் வந்து போகும் அந்த ஒரு நாளைப் பொறுத்ததாயிற்று. அன்றைக்கு ஊரில் அம்மை வந்திருந்தாலும், அறுவடை நடந்தாலும், பிள்ளை பயத்தில் வாயடைத்து நின்றாலும் காசு குறையும்.

1882-இல் இந்தியக் கல்வியை ஆராய வில்லியம் ஹண்டர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. சென்னையிலிருந்து அதில் அமர்ந்தவருள் இருவர் நமக்கு நன்கு தெரிந்தவர். ஒருவர், மாநிலக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தும் கச்சிக் கலம்பகம் பாடிய தமிழ்ப் புலவர் பூண்டி அரங்கநாத முதலியார். மற்றவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரி முதல்வர் வில்லியம் மில்லர். அக்கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது; 1937-இல்தான் தாம்பரத்துக்கு, சேலையூர்க் காட்டின் நிழலுக்கு, வந்தது. அதன் நூலகம் இன்றும் மில்லரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தக் குழுவின் பரிந்துரைகளில் ஒரு வேடிக்கை உண்டு. தொடக்கப் பள்ளிகளுக்கான உதவியைப் பெரும்பாலும் தேர்வின் பலனைக் கொண்டே வழங்கலாம் என்று குழு கூறிற்று. கல்லூரிகளுக்கு மட்டும் அம்முறை கூடாது என்றது. கல்லூரிக் கல்வியின் பயனை ஒருநாள் தேர்வால் அளக்க இயலாது என்று உணர்ந்த அறிஞர்கள், ஆறு வயதுப் பிள்ளையின் கல்வியை அவ்வாறு அளக்கலாம் என்று எப்படித் துணிந்தனரோ, நான் அறியேன். எளியவரை அளப்பது எளிது என்ற எண்ணம் எந்தக் காலத்துக்கும் பொதுவானது போலும். 1904-இல் கர்சன் பிரபு ஆட்சியில் வெளியான கல்விக் கொள்கைத் தீர்மானம் பலனுக்கேற்ற மானியத்தைக் கைவிட வேண்டும் என்று கூறிய பிறகு, அது இந்நாட்டில் ஒழிந்தது.

பெயர் ஒழிந்ததே தவிர அதன் ஆவி ஒழிந்துவிட்டதா என்று கேட்டால், ஜி. எஸ். டி. சாலைப் பலகைகளைத்தான் நான் விடையாகக் காட்ட வேண்டும். தேர்ச்சி விழுக்காடு என்ற ஒரே எண்ணால் பள்ளியையும் ஆசிரியரையும் அளக்கத் தொடங்கியபோது, சில தனியார் பள்ளிகள் கண்ட குறுக்குவழிகள் ஊரறிந்தவை. பதினோராம் வகுப்புப் பாடங்களைத் தொடாமலே விட்டுவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருவேற்றும் வழக்கம் ஒன்று. அதனைத் தடுக்கவே 2017-இல் தமிழக அரசு பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது. அதே ஆண்டு மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடுவதையும் நிறுத்தியது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையால் மீண்டும் நீக்கப்பட்டது. தேர்வை வைத்தும் எடுத்தும் நோயைத் துரத்திக்கொண்டிருக்கிறோம்.

மற்றொரு குறுக்குவழி இதனினும் கொடியது. தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பின் முடிவிலேயே பெற்றோரை அழைத்து, வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவது. அந்தப் பிள்ளை அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கு வந்து சேருவான். அவனை மறுக்க அரசுப் பள்ளி ஆசிரியருக்கு உரிமையும் இல்லை; பெரும்பாலும் மனமும் இல்லை. மார்ச்சு மாதத்தில் அவன் தவறினால் குறைவது யாருடைய எண்? அவனை அனுப்பிய பள்ளி நூறு என்று பலகை வைக்கும். ஏற்றுக்கொண்ட பள்ளியிடம் விளக்கம் கேட்கப்படும். பவணந்தியாரின் வளைந்த தென்னை இங்கே தலைகீழாக நிற்கிறது. காய் ஒருவர் மனையில். விழும் மட்டை மட்டும் அடுத்தவர் மனையில்.

இந்த எண்ணின் வெறுமையைக் காட்ட ஒரு செய்தி போதும். பெருந்தொற்றின் காரணமாக 2020-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு கைவிடப்பட்டு, மாணாக்கர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அரசு அறிவித்தது. தேர்ச்சி விழுக்காடே ஆசிரியரை அளக்கும் கோல் என்றால், பள்ளிகள் மூடிக் கிடந்த ஆண்டில்தான் நம் ஆசிரியர்கள் உச்சியைத் தொட்டிருக்கிறார்கள்!

அப்படியாயின் மாணாக்கர் கற்றதைப் பற்றி ஆசிரியரைக் கேட்கவே கூடாதா? கூடாது என்று வாதிடுவோர் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. நோயாளி குணமடைந்தானா என்று மருத்துவரைக் கேட்பதில் தவறு என்ன? வந்தபோது எந்நிலையில் வந்தான் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அவ்வளவே.

அவ்வாறு கேட்க முயன்ற ஒரு நகரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்க நாட்டில் டென்வர் நகரத்துப் பள்ளிகளில் 1999 முதல் 2003 வரை ஒரு சோதனை நடந்தது. ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கண்டறிந்து, ஆண்டிறுதிக்குள் அவர்களை எங்கே கொண்டு சேர்ப்பது என்று இலக்கு எழுதுவார். தலைமையாசிரியருடன் அமர்ந்து அந்த இலக்கு மிக எளிதா, மிக அரிதா என்று பேசி முடிவு செய்வார். ஆண்டிறுதியில் சான்றுகளைக் காட்டுவார். இலக்கை எட்டினால் ஊதியத்தில் சிறிது கூடும். இலக்கு மேலிடத்திலிருந்து இறங்கவில்லை, வகுப்பறையிலிருந்து ஏறிற்று என்பதே இதன் சிறப்பு.

சோதனையை ஆராய்ந்தவர்கள் 2004-இல் கண்டு கூறியது சிந்திக்கத்தக்கது. எந்த ஆசிரியர் இலக்கைத் தெளிவாகவும் ஆழமாகவும் எழுதினாரோ, அவரிடம் பயின்ற பிள்ளைகள் கூடுதலாகக் கற்றிருந்தனர். பணம் அவர்களைத் தூண்டிற்றா, அல்லது நல்ல இலக்கை எழுதத் தெரிந்த ஆசிரியர் இயல்பாகவே நல்லாசிரியரா என்பது வேறு கேள்வி. என் கருத்தைக் கேட்டால், ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் உண்டு, நாற்பதும் நாற்பது நிலை என்று ஜூன் மாதத்திலேயே உட்கார்ந்து எழுதிப் பார்த்த ஆசிரியர், அந்த எழுத்தாலேயே பாதி வேலையைச் செய்து முடித்துவிட்டார்.

பின்னர் அந்நகரத்து ஆசிரியர்களே 2004-இல் வாக்களித்து இம்முறையை ஏற்றனர். 2005-இல் நகர மக்கள் அதற்காக வரியும் ஏற்றுக்கொண்டனர். கதை அத்தோடு இனிதாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல ஊதியக் கணக்கு சிக்கலாகிக்கொண்டே போயிற்று. அடுத்த ஆண்டு என்ன சம்பளம் வரும் என்று ஆசிரியருக்கே தெரியாத நிலை வந்தது. 2019 பிப்ரவரியில் அந்நகரத்து ஆசிரியர்கள் மூன்று நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இலக்கு எழுதும்போது அதனைப் பிள்ளையின் ஏடாக எண்ணி எழுதலாம். அதே ஏடு சம்பளச் சீட்டாகவும் ஆகும்போது எழுதுகோல் தயங்குகிறது. எட்டக்கூடிய இலக்கையே எழுதத் தோன்றுகிறது. மனித இயல்பு அது. ஆசிரியரை மட்டும் பழிக்க வேண்டியதில்லை.

தயக்கத்தோடு நின்றால் நன்று. அட்லாண்டா நகரத்தில் நின்றபாடில்லை. மதிப்பெண் உயர்ந்தே தீரவேண்டும் என்ற நெருக்கடியில், 2009-ஆம் ஆண்டுத் தேர்வில் ஆசிரியர்களே விடைத்தாள்களைத் திருத்தினர் என்று 2011-இல் அரசு விசாரணையில் வெளிப்பட்டது. 44 பள்ளிகளில் 178 பேர் பெயர் அந்த அறிக்கையில் இருந்தது. 2015-இல் நீதிமன்றம் 11 பேரைக் குற்றவாளிகள் என்று கூறிற்று. தவறான விடையை அழித்துச் சரியான விடையை எழுதியபோது அந்தப் பிள்ளைக்கு நேர்ந்த தீங்கு வெளியே தெரியாதது. அவனுக்குப் படிப்பு வரவில்லை என்ற உண்மை மறைக்கப்பட்டது. ஆகவே அவனுக்கு உதவி செய்ய வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

நம் அண்டை மாநிலத்திலிருந்து வந்த ஒரு சான்று எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. அதனையும் மறைக்காமல் கூறுவதே முறை. ஆந்திரப் பிரதேசத்தின் ஊர்ப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரு பொருளியலார் ஒரு சோதனை நடத்தினர். பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் ஆண்டின் தொடக்கத்தில் இருந்ததைவிட எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்து, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 500 ரூபாய் ஆசிரியருக்கு ஊக்கத் தொகை. 100 பள்ளிகளில் தனித்தனி ஆசிரியருக்கும், 100 பள்ளிகளில் ஆசிரியர் அனைவருக்கும் பொதுவாகவும் அத்தொகை வழங்கப்பட்டது. 2011-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, ஊக்கத் தொகை இல்லாத பள்ளிகளைவிட இப்பள்ளிகளின் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறியிருந்தனர். பரிசு அறிவிக்கப்படாத அறிவியலிலும் சமூகவியலிலுங்கூட முன்னேறியிருந்தனர். ஆசிரியர் வருகை கூடவில்லை. வந்த நாளில் கூடுதலாகப் பாடம் நடத்தினர், கூடுதல் பயிற்சித் தேர்வுகள் வைத்தனர். உயர்வைக் கணக்கிட்டதும், தொகை சிறிதாக இருந்ததும், தேர்வை வெளியார் நடத்தியதும் அந்தச் சோதனை கெடாமல் காத்தன என்று நான் கருதுகிறேன். 1862-ஆம் ஆண்டு விதியில் இம்மூன்றில் கடைசி ஒன்றுதான் இருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். தாம்பரத்துக்குக் கிழக்கே பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன. 2019 டிசம்பர் இறுதியில் தீவுத்திடலை அடுத்த சத்தியவாணிமுத்து நகரின் குடும்பங்கள் அங்கு அனுப்பப்பட்டபோது பள்ளி ஆண்டு பாதி கடந்திருந்தது. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதமே இருந்தது. பழைய பள்ளி இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். இன்னும் சற்று முந்திய நிகழ்ச்சி ஒன்றும் உங்களுக்கு நினைவிருக்கலாம். சிறுவராய் இருந்தவருக்குப் பெற்றோர் சொல்லியிருப்பர். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் நின்றன. வாரக்கணக்கில் பள்ளிகள் திறக்கவில்லை. புத்தகங்களும் சான்றிதழ்களும் சேற்றோடு போயின.

இத்தகைய பகுதியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் 40 பிள்ளைகள். ஜூன் மாதத்தில் அவர் ஒவ்வொருவரையும் அருகழைத்து வாசிக்கச் சொல்கிறார். 12 பேருக்கு எழுத்தே முழுதும் தெரியவில்லை. 18 பேர் சொல்லைப் படிக்கின்றனர். வரியைப் படிக்கத் தடுமாறுகின்றனர். 10 பேர் சரளம். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இந்நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று அழகான பெயர்கள் இட்டனர். ஆசிரியை தம் ஏட்டில் இலக்கு எழுதுகிறார்: மார்ச்சுக்குள் பன்னிருவரில் ஒன்பது பேரேனும் முன்பின் அறியாத ஒரு சிறு கதையைத் தாமே படிக்க வேண்டும், பதினெண்மரும் படித்ததைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும், பதின்மரும் ஒரு பக்கம் சொந்தமாக எழுத வேண்டும். முன்பின் அறியாத கதை என்று அவர் எழுதியதைக் கவனியுங்கள். ஆர்னால்டு கண்ட மனப்பாட வித்தைக்கு அந்த மூன்று சொற்களே தாழ்ப்பாள்.

ஜனவரியில் ஆற்றங்கரையிலிருந்து ஏழு பிள்ளைகள் புதிதாக வந்து சேருகின்றனர். ஐந்து பிள்ளைகளின் பெற்றோர் கட்டட வேலை முடிந்து வேறிடம் போய்விட்டனர். இப்போது பழைய ஏட்டை வைத்து அவரை அளப்பது நீதியாகாது. ஏட்டைத் திறந்து, வந்தவரைச் சேர்த்து, போனவரை நீக்கி, புதிய இலக்கு எழுத இடம் தர வேண்டும். மார்ச்சில் அளப்பவர் அவராக மட்டும் இருத்தலும் ஆகாது. அவருடைய மேலதிகாரியாக மட்டும் இருத்தலும் ஆகாது. சேம்பாக்கத்து ஆசிரியர் பெரும்பாக்கத்தில் வாசிக்கக் கேட்கட்டும்; பெரும்பாக்கத்து ஆசிரியை சேம்பாக்கத்தில் கேட்கட்டும். செலவு ஒரு பேருந்துச் சீட்டுதான். தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவரைப் பார்க்கும்போது, குறையைச் சொல்வதோடு நில்லாமல் தாம் கையாண்ட உபாயத்தையும் சொல்லிவிட்டு வருவார்.

அந்த ஆசிரியையின் வகுப்பு ஆண்டிறுதியில் நூற்றுக்கு 45 பெறுகிறது என்று கொள்வோம். தொடக்கத்தில் அது 20. வேறொரு பள்ளியில் 70-இல் தொடங்கிய வகுப்பு 78-ஐ எட்டுகிறது. சாலையோரப் பலகையில் ஏறுவது எழுபத்தெட்டு. பெரும்பாக்கத்தின் இருபத்தைந்து எங்கும் எழுதப்படுவதில்லை. 2017-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமம் வகுப்புவாரியாகக் கற்றல் விளைவுகளை வரையறுத்து வெளியிட்டபோது, ஒவ்வொரு பிள்ளையும் எதனைச் செய்ய வல்லவனாக வேண்டும் என்ற தெளிவு கிடைத்தது. அது பெரிய நன்மை. எங்கிருந்து புறப்பட்டான் என்பதை எழுதும் கட்டம் ஆசிரியரின் ஏட்டில் இன்னும் பெரிதாக வேண்டும்.

கற்றதில் ஆசிரியருக்கு உரிய பங்கு எவ்வளவு? பவணந்தியார் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் கூறியதை மாணாக்கன் பிழையறக் கொண்டாலும் அவனுக்குக் கிட்டுவது காற்பங்குதான் என்கிறார். உடன் பயில்வாரோடு பழகிப் பேசுவதால் இன்னொரு காற்பங்கு. தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதுதான் எஞ்சிய பாதி. அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2014-இல் வெளியிட்ட ஓர் அறிக்கையில், மாணாக்கரின் மதிப்பெண்களுக்கு இடையே காணும் வேறுபாட்டில் ஆசிரியரால் நேர்வது 1 முதல் 14 விழுக்காடு என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாகக் கூறிற்று. இரண்டும் ஒரே அளவை அன்று. பவணந்தியார் கூறியது கற்றலின் பங்கு, புள்ளியியலார் கூறியது மதிப்பெண்ணின் வேறுபாடு. எண்ணூறு ஆண்டு இடைவெளியில் இருவரும் ஆசிரியரைத் தனியே நிறுத்தி முழுச்சுமையையும் ஏற்ற மறுத்தது மட்டும் ஒப்புமை. காற்பங்கு சிறிது என்று எண்ணிவிட வேண்டாம். மற்ற மூன்று பங்குக்கும் வித்து அதுதான்.

கல்லூரி மாணாக்கருக்கு ஒரு சொல். நீங்கள் பயிலும் பாடம் ஒவ்வொன்றின் தலைப்பிலும் இப்போது பாடவிளைவுகள் என்று சில வரிகள் அச்சிட்டிருக்கக் காண்பீர்கள். பொறியியற் பட்டங்களைப் பிறநாடுகள் ஒப்புக்கொள்ளச் செய்யும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-இல் இந்தியா முழு உறுப்பு நாடானபின், இவ்வழக்கம் பொறியியற் கல்லூரிகளில் வேரூன்றிற்று. பருவ இறுதியில் உங்கள் ஆசிரியரைப் பற்றி ஒரு படிவமும் உங்களிடம் தரப்படுகிறது. பலர் அதனை ஒரே நிமிடத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரே கட்டத்தில் குறியிட்டுக் கொடுத்துவிடுவதாகக் கேள்விப்படுகிறேன்.

குரோம்பேட்டையில், 1949-இல் சி. ராஜம் தொடங்கிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில், 1950-களில் இராமேசுவரத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் விமானப் பொறியியல் பயின்றார். ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் விளக்கி, புரிந்ததா என்று கேட்டாராம். புரியவில்லை என்று இம்மாணவர் கூற, ஐயர் சினம் கொள்ளாமல் வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டினாராம். குரோம்பேட்டையில் வாய்த்த பேராசிரியர் சீனிவாசன் வேறு வகை. மாணவரின் விமான வடிவமைப்பில் முன்னேற்றம் இல்லை என்று கண்டு, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில், திங்கட்கிழமை காலைக்குள் வரைபடம் வராவிட்டால் உபகாரச் சம்பளம் நிறுத்தப்படும் என்றார். மாணவர் இரவு உணவையும் மறந்து வரைந்தார். ஞாயிற்றுக்கிழமை பேராசிரியரே அறைக்கு வந்து பார்த்து, பாராட்டி, வேண்டுமென்றே நெருக்கடி தந்ததாகவும் கூறினார். அப்துல் கலாம் இதனைத் தம் வாழ்க்கை வரலாற்றில் நன்றியோடு எழுதியிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை நள்ளிரவில், வரைபலகையின் முன் உறக்கமின்றி நின்ற மாணவர் கையில் யாரேனும் ஆசிரியர் மதிப்பீட்டுப் படிவத்தைக் கொடுத்திருந்தால், அவர் எந்தக் கட்டத்தில் குறியிட்டிருப்பார்? திங்கட்கிழமை கொடுத்திருந்தால்? முப்பது ஆண்டு கழித்துக் கொடுத்திருந்தால்? அடுத்த பருவத்தில் உங்கள் கைக்கு அந்தப் படிவம் வரும்போது, ஜூன் மாதத்தில் எனக்கு இது தெரியாது, இன்று இதைச் செய்ய வல்லேன் என்று ஒரு வரியை, அச்சிட்ட கட்டங்களுக்கு வெளியே, உங்கள் கைப்பட எழுதிக் கொடுத்துப் பாருங்கள். அதனைப் படிக்கும் ஆசிரியருக்கு, அடுத்த ஜூனில் எதை எழுதிப் பாடத்தைத் தொடங்குவது என்பது தெரியவரும்.